சூதுபவளம் துளைத்த இரண்டு மாதம்

பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லைத் துளைக்கத் தொடங்கியதும் அந்த வாசனை வந்தது. தண்ணீர் பட்டுத் தேயும் கல்லின் வாசனை. கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் தீய்ந்த முடி, கொஞ்சம் முதல் மழை. வாயைத் திறந்தபடி, நெஞ்சில் காகிதத் துண்டு கட்டியபடி, காதுக்குள் கண்ணீர் ஒழுகக் கிடந்தேன். வலிக்கிறதா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். மரத்துப்போக இன்னொரு ஊசி போட்டார். வலித்தது அந்த இடம் அல்ல. ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"சிந்துவெளி நகரமெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முந்தியே, அந்தப் பக்கம் ஒரு ஊர்ல சொத்தைப் பல்லைத் துளைச்சிருக்காங்க புள்ள. மணி துளைக்கிற அதே ஊசி. அப்ப யாரு துளைச்சிருப்பா? மணி செய்யறவன்தான். காலையில கல்லு, மத்தியானம் பல்லு."

இப்படிச் சொன்னவள் ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட்டில் எனக்கு நேர் மேல் வீட்டில் பதினொரு வருடம் இருந்தவள். காங்கேயத்துப் பக்கம். நான் சென்னை. எனக்குச் சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. அவள் சிப் கம்பெனியில் இன்ஜினியர். கண்ணாடியைவிட மெல்லிய சிலிக்கான் தகடுகளை விரிசல் விடாமல் வெட்டுவது, துளைப்பது எப்படி என்று பார்ப்பது அவள் வேலை. கணவரைப் பிரிந்து ஆறேழு வருடம். ஒரே மகள், பதினைந்து வயது, இந்தியாவில் பிறந்து மூன்று வயதில் வந்தவள். தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். என் வீட்டுச் சாவி அவர்களிடம், அவர்கள் வீட்டுச் சாவி என்னிடம். யார் வீட்டில் ரசம் வைத்தாலும் இரண்டு வீட்டுக்கும் அதுதான்.

மணிப் பைத்தியம் அவளுக்கு மகளின் ஆறாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலிருந்து பிடித்தது. எகிப்துக்கு நாற்பது பக்கம் கொடுத்திருந்த அந்தப் புத்தகம் சிந்துவெளிக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருந்தது. அதில் ஓரமாக நகத்தளவு ஒரு படம்: நீளமான சிவப்பு மணிகள், சூதுபவளம், விரல் நீளம், இரண்டு முனையிலும் சன்னமாக ஒடுங்கி, நெடுக ஒரு துளை. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பெண் தூங்கிவிட்டாள். படிக்க வேண்டாத அம்மா புத்தகத்தோடு என் வீட்டுக்கு இறங்கி வந்தாள்.

"இத்தனை நீளக் கல்லுல, ஊசி கனத்துக்கு ஒரு ஓட்டை. கரண்டு இல்ல, இரும்பு இல்ல. ரெண்டு பக்கத்துல இருந்தும் துளைச்சுட்டு வந்து நடுவுல சந்திச்சிருக்கான். எங்க கம்பெனியில இதைச் சொன்னா மெஷின் வாங்கோணும்பாங்க. இவன் என் ஆளு புள்ள."

அன்றிலிருந்து அவள் சிந்துவெளியைப் பற்றிப் பேசினால் யாரோ பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். அவர்கள் விட்டுப்போனதெல்லாம் சின்னது என்பாள். கைக்குள் அடங்கும் முத்திரை, கைக்குள் அடங்கும் எடைக்கல், களிமண் வண்டி, மணி. இருக்கிற ஒன்றிரண்டு சிலைகளும் முழங்கை நீளத்தைத் தாண்டாது. மலையைக் குடைந்து ராஜாவின் முகத்தைச் செதுக்கவில்லை. எழுதியதை நம்மால் வாசிக்க முடியவில்லை. பெயரில்லாத, முகமில்லாத அந்த ஜனத்தை அவர்கள் கை எவ்வளவு துல்லியம் என்பதை வைத்துத்தான் நமக்குத் தெரியும். வசதியில்லாதவர்கள் அதே நீள மணியைக் களிமண்ணில் உருட்டிச் சுட்டு, சிவப்புப் பூசிப் போட்டுக்கொண்டார்களாம். "நம்ம கவரிங் நகை" என்று சிரித்தாள். கப்பலேறிப் போன மணி ஒன்று தூர தேசத்தில் ஒரு ராணியின் கல்லறையில் கிடந்ததாம். "மணிக்கு விசா வேண்டாம் பாரு." அதற்கும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு மெயில் வந்தது. வேலை போய்விட்டது. அன்றைக்கே லேப்டாப் பூட்டிக்கொண்டது. இரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வாயில் நுரையோடு, செருப்பில்லாமல், மாடிப்படி இறங்கி என் வீட்டுக்கு வந்தாள்.

வேலை விசாவில் இருக்கிறவர்களுக்கு வேலை போனால் அறுபது நாள். அதற்குள் வேறு கம்பெனி மனுப் போட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர், பிறந்த தேதி மாதிரித் தெரியும். கேள்வி, எந்த நாளிலிருந்து அறுபது என்பது.

"சம்பளம் முடியற நாள்லேர்ந்துதான்டி," என்றேன். "ரெண்டு மாசச் சம்பளம் குடுத்திருக்கான் இல்ல, அது முடிஞ்சு அறுபது. மொத்தம் நாலு மாசம். மூச்சு விடு மொதல்ல."

"வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

"எதுக்கு? நான் இருக்கேன்ல."

அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைத்தேன். பதினான்கு வருடம் வரிசையில் நின்று கிரீன் கார்டு வாங்கியவள். கோயில் சாப்பாட்டு வரிசையிலும் இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும் இடத்திலும் என்னை நிறுத்தி "ஆன்ட்டி, ஒரு சின்ன டவுட்" என்று கேட்பார்கள். எந்த ஃபாரம், எந்தத் தேதி, விசா ஸ்டாம்பிங்குக்குப் போனால் எந்த ஊர், எல்லாம் சொல்வேன். இதையும் தெரிந்துதான் சொன்னேன்: என் ஆபீசில் ஒருவனை இரண்டு மாதம் வேலையில் இருப்பவனாகவே பட்டியலில் வைத்திருந்து, பிறகு அனுப்பினார்கள். அவனுக்கு அப்படித்தான் எண்ணினார்கள். இவளை அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, பணத்தை மட்டும் கொடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அவள் கடிதத்தில் ஒரு வரி. பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த வரியைப் படிக்கவில்லை.

நாலு மாதம் என்றதும் அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காலண்டரில் மே மாதத்தில் ஒரு தேதியைச் சிவப்பில் வட்டமிட்டோம். காலை முழுக்க அப்ளை பண்ணுவது, மத்தியானம் மணி துளைப்பது என்று அவளே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டாள். "இல்லைன்னா நான் சுவரைப் பாத்துக்கிட்டே செத்துருவேன்," என்றாள். நான்தான் உற்சாகப்படுத்தினேன். செய்டி, செய், நாள் நிறைய இருக்கு.

கல் தபாலில் வந்தது. பழுப்பும் மஞ்சளுமாக, சோகையாக. சூதுபவளம் பிறக்கும்போது சிவப்பு இல்லை. சாம்பலுக்குள் புதைத்து மெல்ல மெல்லச் சூடேற்றினால்தான் சிவக்கும். அவசரப்பட்டால் வெடிக்கும். உமி கிடைக்காததால் வெள்ளெலிக் கூண்டில் போடும் மரத்தூளை மூட்டையாக வாங்கினோம். உங்களிடம் எத்தனை எலி என்று கடைப்பெண் கேட்டாள். "ரெண்டு. வயசானது," என்று என்னைப் பார்த்துக்கொண்டே இவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அபார்ட்மென்ட்டின் பொது அடுப்பில், பூந்தொட்டிக்குள் மரத்தூள், அதற்குள் கல். முதல் கல் ஒரு பட்டாசு மாதிரி வெடித்தது. இரண்டாவது, மூன்று பகல் கழித்து வெளியே எடுத்தபோது மாதுளை முத்து நிறத்தில் இருந்தது. மாற்றி மாற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். கை சுடச்சுட நின்றோம்.

பிறகு தட்டிச் செதுக்கித் தேய்த்து, சுண்டுவிரல் உருவத்துக்குக் கொண்டுவரவே இரண்டு வாரம். பிறகு துளை. மகளின் பழைய சின்ன வயலின் வில்லை எடுத்து, சமையல் நூல் கட்டி, அந்த நூலைத் துளையூசியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஊசித் தலையை அழுத்திப் பிடிக்கத் தேங்காய்ச் சிரட்டை. வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் ஊசி சுழலும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"அம்மா, தட்ஸ் மை வயலின்," என்றாள் மகள்.

"நாலு வருஷமா தொடலையே கண்ணு."

"தட்ஸ் நாட் த பாயின்ட்."

சிந்துவெளிக்காரர்களிடம் ஒருவகைக் கடினமான கல் இருந்தது, அதில்தான் ஊசி செய்தார்கள், அந்தக் கல் எங்கே கிடைத்தது என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது என்றாள். அதனால் மெல்லிய தாமிரக் கம்பியும் கடினத் தூளும் வைத்துத் துளைத்தாள்.

"கள்ளாட்டம்," என்றேன்.

"தூள் மட்டும்தான் கடையில வாங்கினது. தோள் என்னுது. நீயும் வா, இந்தப் பக்கம் உக்காரு."

அப்படித்தான் ஆனது. ஒரு முனையில் துளைப்பது அவள். கல்லைத் திருப்பிக் கட்டினால் மறுமுனை என்னுடையது. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு மாடியேறிப் போவேன். ஒரு மத்தியானம் முழுக்க இழுத்தால் ஓர் அரிசி நீளம் உள்ளே போகும், சில நாள் அதுவும் போகாது. சர்ர், சர்ர் என்று ஒரே சத்தம். பால்போலக் கல்கரைசல் வழியும். அந்த வாசனை. இடுப்பில் கட்டும் ஒரு மணியாரத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்திருக்கும் என்றாள். அந்த வருடம் முழுக்க அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் கேட்டேன். "நம்மள மாதிரித்தான். அவ மாமியாரு, இவ முட்டிவலி." நாங்களும் எல்லாம் பேசினோம். அவள் கணவர் போன நாளைப் பற்றி முதல்முறையாகச் சொன்னாள். நான் எழுதுகிற, யாருக்கும் காட்டாத பக்கங்களை முதல்முறையாக வாசித்துக் காட்டினேன். "கொஞ்சம் அழுகாச்சியா இருக்குது, ஆனா நல்லாருக்குது," என்றாள். இனி யாரிடம் அப்படி ஒரு வார்த்தை வாங்கப் போகிறேன்?

ஐந்தாவது வாரம் ஒரு வேலை வந்தது. டெக்சாஸ், ரிச்சர்ட்சன். நல்ல கம்பெனி, உடனே மனுப் போடுகிறோம் என்றார்கள். அவள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். நான் சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இங்கே நான் நிறுத்தி, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

"டெக்சாஸ்ல போய் என்னடி பண்ணப் போற," என்றேன். "பாப்பா பத்தாவது படிக்கிறா. நடுவுல ஸ்கூல் மாத்தினா நொடிஞ்சு போயிடுவா. இன்னும் மூணு மாசம் இருக்கு. இங்கயே கிடைக்கும்."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமா."

பாப்பாவுக்காகச் சொன்னேன் என்றுதான் அன்றைக்கு என்னிடமே சொல்லிக்கொண்டேன். என் தலைக்குமேல் அவள் நடக்கும் சத்தம் நின்றுவிடும் என்ற பயத்தில் சொன்னேன் என்பது வெங்காயத்துக்குத் தெரியும். அவள் மறுநாள் ரிச்சர்ட்சனுக்கு வேண்டாம் என்று மெயில் அனுப்பினாள். மத்தியானம் இரண்டு பேரும் மணி துளைத்தோம்.

ஒன்பதாவது வாரம் இங்கேயே, இருபது நிமிட டிரைவ் தூரத்தில், வேலை கிடைத்தது. நான் சொன்னது சரியாகிவிட்டது. கேசரி கிண்டினேன். புதுக் கம்பெனியின் வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள் இவள். மகள் சோபாவில், நான் கரண்டியோடு. பெயர், பாஸ்போர்ட், எல்லாம் கேட்டுவிட்டு, வேலையில் கடைசி நாள் எது என்று கேட்டாள். இவள் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னாள். அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

இல்லை, சம்பளம் இன்னும், என்று நான் நடுவில் ஆரம்பித்தேன். அது கையில் கொடுத்த தொகை, வேலை நாள் அல்ல என்றாள் அந்தப் பெண், மிக மரியாதையாக. கடிதத்தை அனுப்பச் சொன்னாள். இவள் அனுப்பினாள். அந்த ஒரு வரியை அந்தப் பெண் வாசித்துக் காட்டினாள். அன்றைக்கு அறுபத்து மூன்றாவது நாள். மூன்று நாளாக அம்மாவும் மகளும் இந்த நாட்டில் இருக்கக் கூடாதவர்கள். கூடிய சீக்கிரம் வெளியேறிவிடுவது நல்லது, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றாள். மறுவாரம் கம்பெனி, அவள் இந்தியா போய் விசா வாங்கி வரும்வரை காத்திருக்க முடியாது என்று ஒரு மெயில் அனுப்பியது.

போன் வைத்ததும் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கேசரி அடிபிடிக்குது பாரு," என்றாள். மகள்தான் என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, யூ செட் வி ஹேட் டைம்."

டைம் இருக்கு என்று நீங்கள்தானே சொன்னீர்கள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அதற்குப்பின் இரண்டு வாரம், பதினொரு வருடத்தைப் பெட்டியில் அடைத்தோம். நான் லீவு போட்டுவிட்டு விடியற்காலையிலிருந்து டேப் ஒட்டினேன், பெயரெழுதினேன், சோபாவை விற்றேன். கை ஓயாமல் வேலை இருந்தால் வாய் திறக்க வேண்டியதில்லை. மன்னிச்சுக்கோ என்ற சொல் தொண்டைவரை வரும், டேப்பைக் கிழிப்பேன். அவளும் பேசினாள், ஆனால் பெட்டியைப் பற்றி மட்டும். ரசம் வைத்து மேலே கொண்டுபோனால், "இருக்குது, வேண்டாம்," என்பாள். வேறு எந்த வசவும் அப்படி அறுத்திருக்காது. நாற்பத்தொன்பது வயதில் ஒரு சிநேகிதியை இழப்பது எப்படி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கணவன் போனால் ஊர் வந்து உட்காருகிறது. இதற்கு யார் வருவார்கள்?

ஒருநாள் சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சிரட்டையும் வில்லும் வைத்திருந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்தேன்.

"மணி எங்கடி?"

"குப்பையில போட்டுட்டேன்."

"எப்ப?"

"காத்தால."

கீழே ஓடினேன். பெரிய குப்பைத் தொட்டிகள் இரண்டும் அப்போதுதான் காலிசெய்து கழுவப்பட்டு, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன. அவள் முனையில் பாதிவரை போயிருந்தது துளை. என் முனையில் கால்வாசிகூட இல்லை. கொஞ்சம் கோணலாகவும் போய்க்கொண்டிருந்தேன். அவள் ஒருநாள் ஊசியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இது சந்திக்காதாட்ட இருக்குது, பாக்கலாம்," என்று சொல்லியிருந்தாள். நாலாயிரம் வருடத்துக்கும் மேலாக மண்ணில் கிடந்தும் கெடாத கல் வகை அது. இந்த ஊரின் ஏதோவொரு குப்பைமேட்டில் டயப்பர்களுக்கும் பீட்சா பெட்டிகளுக்கும் நடுவில், இரண்டு பக்கம் ஓட்டையும் நடுவில் சுவருமாக, இன்னொரு நாலாயிரம் வருடம் கிடக்கும். தோண்டி எடுப்பவர்களுக்கு எங்கள் பெயர் தெரியாது. ஒரு கை நிதானம், ஒரு கை அவசரம் என்பது மட்டும் தெரியும்.

பகல் விமானம். நான்தான் டிரைவ் பண்ணினேன். ஃப்ரீவேயில் மகள் காதில் இயர்ஃபோனோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இடப்புறம் விரிகுடா, ஈயத்தகடு மாதிரி. அவள் முன்சீட்டில் பாஸ்போர்ட் இரண்டையும் மடியில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக, ஓரம் சேர்த்துச் சேர்த்து அடுக்கிக்கொண்டே வந்தாள். பெட்டிகளை எடை போட்டு அனுப்பினோம். கயிறு கட்டிய வரிசையின் வாசலில், இதற்குமேல் நான் போக முடியாத இடத்தில் நின்றோம். மகள் என்னை லேசாகக் கட்டிக்கொண்டு, "பை, ஆன்ட்டி," என்று முன்னால் போய்விட்டாள். பதினொரு வருடம் என் கையில் தோசை தின்ற குழந்தை.

"நான் தப்பா எண்ணிட்டேன்டி," என்றேன். இரண்டு வாரமாகச் சொல்லாதது, கார் ஓட்டும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தது, அவ்வளவு சின்னதாகத்தான் வெளியே வந்தது. "டெக்சாஸும் நான்தான் வேண்டாம்னேன். எனக்காகத்தான் சொன்னேன்."

"தெரியும் புள்ள," என்றாள். "அன்னைக்கே தெரியும். எனக்கும் போகப் புடிக்கல. அதான் மேல எதுவும் கேக்காம உட்டேன்."

பின்னால் ஒரு குடும்பம் தள்ளுவண்டியோடு வந்து நின்றது. வழிவிட்டு ஒதுங்கினோம். அவள் தோள்பையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினாள். கண் வறண்டுதான் இருந்தது. எனக்குத்தான் எதுவும் தெரியவில்லை, எல்லாம் தண்ணீருக்கடியில் அசைந்தது. நீ போய்ச் சேர்ந்ததும் நான் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். என் ஜாக்கெட்டின் காலர் மடங்கியிருந்ததை நிமிர்த்திவிட்டாள். ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. அவள் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அப்போது அவள் சொன்னதுதான்.

"கொஞ்ச நாளைக்கு நீ கூப்புடாத. உன் குரலைக் கேட்டா எனக்கு அந்தத் தேதிதான் ஞாபகம் வருது. நானே கூப்புடறேன்."